இரண்டாவது கேமராவுக்கு முன்னால்

மேம்பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு கேமரா. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி இன்னொன்று. இரண்டுக்குமே வேகத்தை அளக்கத் தெரியாது. முதல் கேமரா வண்டியின் நம்பரைப் படமெடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். இரண்டாவதும் அதையேதான் செய்யும். பிறகு எங்கோ குளிரூட்டிய அறையில் ஓர் இயந்திரம் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கும். லாரிக்கு அறுபது கிலோமீட்டர்தான் அனுமதி. நாற்பது நிமிடம் ஆவதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டால் நீ குற்றவாளி.

இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் லாரி ஓட்டியதில்லை. டிரைவர்கள் நடுவில் பறந்து வந்தார்கள். இரண்டாவது கேமராவின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பங்க்குக்குப் பக்கத்து மண் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே நின்று செலவழித்தார்கள். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி கேமராவுக்குக் கீழே ஊர்ந்து போனார்கள். அந்த மண் ஓரத்துக்குக் கரை என்று பெயர் வைத்திருந்தார்கள். "கரை ஏறியாச்சா?" என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

வேகமாக வந்து சும்மா நிற்பதற்கு மெதுவாகவே வந்து தொலைக்கலாமே என்று கேட்பவர்கள் சம்பளத்துக்கு லாரி ஓட்டாதவர்கள். ஒரு நடைக்குக் கம்பெனி ஒதுக்கியிருந்த நேரம், அறுபதில் போனால் அச்சாக வந்து நிற்கும். அதில் டீக்கு இடம் இல்லை. ஒன்றுக்குப் போக இடம் இல்லை. இடுப்பை நிமிர்த்த இடம் இல்லை. "நடுவுல எதுக்குய்யா நிறுத்தணும்? லாரி என்ன களைச்சா போகுது?" என்று சூப்பர்வைசர் ஒருமுறை உண்மையாகவே கேட்டார். ஆகவே ஓய்வு வேண்டுமென்றால் அதையும் ஓட்டித்தான் சம்பாதிக்க வேண்டும்.

அரைக்கண் தினமும் அப்படி ஒரு கால் மணி நேரம் சம்பாதித்தார்.

அரைக்கண் என்பது பட்டப்பெயர். அவருக்கு இமைகள் பிறவியிலேயே கனம். விழித்திருக்கும்போதும் பாதிதான் திறக்கும். வண்டி ஓட்ட ஆரம்பித்த புதிதில் முதலாளி பயந்துபோய்ப் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்து அனுப்பினார். அந்த ஆள்தான் வழி முழுக்கத் தூங்கினான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. குடோனிலிருந்து காலி பாட்டில்களை ஏற்றிக்கொண்டு குளிர்பான ஆலைக்குப் போவார். நிரப்பிய பாட்டில்களோடு திரும்புவார். ஒரு நாளைக்கு இரண்டு நடை. இத்தனை வருஷத்தில் ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை. ஸ்பீடோமீட்டர் முள்ளை அவர் பார்ப்பதில்லை. பாட்டில்களைக் கேட்பார். நாற்பதில் அவை பல்லைக் கடிக்கும். அறுபதில் ஊர் வம்பு பேசும். எண்பதைத் தாண்டினால் வம்பு அடங்கி எல்லாம் சேர்ந்து ஒரே முனகலாகிவிடும். மேம்பாலத்திலிருந்து கரை வரைக்கும் அந்த முனகல்தான்.

அவருடைய மனைவிக்கு வேலை பங்க்கில். கழிப்பறைகளைக் கழுவுவது, சாவி கொடுப்பது, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது. மத்தியானம் பங்க் வேனில் போனால் ராத்திரி வெகுநேரம் கழித்து அதே வேனில் திரும்புவாள். அதற்குள் அவர் தூங்கியிருப்பார். அவர் விடிவதற்கு முன் எழுந்து போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். இருவரும் ஒரே கட்டிலில்தான் படுத்தார்கள். அவள் வந்து படுக்கும்போது கட்டில் லேசாக இறங்கும். அவர் எழுந்து போகும்போது லேசாக ஏறும். அவருக்கு விடுமுறை ஞாயிறு. அவளுக்குப் புதன்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்வாள்.

"அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"தூங்கறா."

அம்மாவிடம் கேட்டாலும் இதே பதில்தான். "தூங்கறார்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?" என்று மகள் சிரிப்பாள்.

ஆகவே கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு அவர்கள் குடும்பம் நடத்தியது அந்தக் கால் மணி நேரத்தில்தான். இரண்டாவது நடையில், மேம்பாலத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலில் நிற்கும்போது அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அவள் பெண்கள் பக்கத்தைக் கழுவத் தொடங்குவாள். கழுவி, துடைத்து, துடைப்பானைப் பிழிந்து வெயிலில் சாய்த்து வைக்கும்போது லாரி கரையில் வந்து நிற்கும். அவள் பின்சுவர் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருப்பாள். அவர் ஒரு காலி பாட்டில் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். பினாயில் வாசனையில் இருவரும் டீ குடிப்பார்கள்.

கம்பெனி டீக்கு நேரம் கொடுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் திருத்தவில்லை.

பேசுவது என்றால் கொஞ்சல் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். மருமகனுக்கு முதுகு வலி. மீதி நேரம் சண்டை. ஒரு சாதாரணச் சண்டை முடிய ஒரு வாரம் பிடித்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதில் இருவருமே கைதேர்ந்திருந்தார்கள்.

அப்போது நடந்துகொண்டிருந்தது பீரோ சண்டை. கதவு சாத்தாத பழைய இரும்பு பீரோ. அவள் அதைத் தன் தம்பிக்குத் தள்ளிவிட நினைத்தாள்.

"கீல் மாத்தினா இன்னும் இருபது வருஷம் வரும்" என்றார் அவர்.

"கீல் கீல்னு நீங்க சொல்ல ஆரம்பிச்சு எத்தனை வருஷம்? ராத்திரி நான் இருட்டுல வரும்போது அந்தக் கதவு முட்டியில இடிக்குது. உங்களுக்கென்ன, நீங்க தூங்கறீங்க."

"உன் தம்பிக்கு மட்டும் முட்டி இல்லையா?"

"அவனுக்கு வீட்டுல இடம் இருக்கு. இடிக்காம நடப்பான்." அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதா, நீங்க ஏன் அந்த பீரோவைக் கட்டிக்கிட்டு அழறீங்கன்னு? அன்னைக்கு நீங்க..."

செல்போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது. நேரம் முடிந்துவிட்டது. அவர் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தார். அன்னைக்கு நீங்க. என்றைக்கு? பீரோ வாங்கிய அன்றா? அதை வண்டியிலிருந்து இறக்கும்போது அவள் வீட்டாரிடம் ஏதோ கோபமாகப் பேசிய ஞாபகம். இல்லை, மகள் பிறந்திருந்தபோது வீட்டை மாற்றினார்களே, அன்றா? ஒரு மனுஷன் அன்றைக்கு என்ற சொல்லுக்குள் எத்தனை நாளைத் தேடுவான்? கட்டில் இறங்கியது தெரிந்தது. கேட்கலாம் என்று நினைப்பதற்குள் தூக்கம் அமுக்கிவிட்டது.

மறுநாள் அந்த மீதி வாக்கியத்துக்காகத்தான் அவர் ஓட்டினார் என்று சொல்ல வேண்டும்.

அவருடைய லைசென்ஸில் ஏற்கெனவே இரண்டு குற்றங்கள் ஏறியிருந்தன. ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது ஏறினால் மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது. முதலாவது நியாயம்தான், மறுப்பதற்கில்லை. இரண்டாவது ஒரு பள்ளிக்கூட வளைவில். நாற்பது என்று எழுதிய பலகையை ஒரு நிலம் விற்கும் விளம்பரத் தட்டி முழுசாக மறைத்திருந்தது. போக்குவரத்து ஆபீஸில் போய்ச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "பலகை இருக்கா இல்லையா?" என்று கேட்டார். "இருக்கு சார், தட்டிக்குப் பின்னால." "இருக்கில்ல? அவ்வளவுதான்." தட்டிக்காரர்மேல் ஏதாவது உண்டா என்று கேட்க நினைத்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று வந்துவிட்டார்.

டிரைவர்கள் தங்களுக்குள் போக்குவரத்துப் போலீஸை மாமனார் என்பார்கள். பார்த்ததும் நிறுத்தணும், இறங்கணும், சட்டைப் பொத்தானைப் போடணும், என்ன சொன்னாலும் தலையாட்டணும். எதிரே வருகிற வண்டி விளக்கை இரண்டு தரம் சிமிட்டினால் முன்னால் மாமனார் நிற்கிறார் என்று பொருள். முகம் தெரியாதவன்கூடச் சிமிட்டிவிட்டுத்தான் போவான். அந்த ரோட்டில் மனிதருக்கு மனிதர் செய்துகொண்ட உபகாரம் அது ஒன்றுதான்.

அன்று சிமிட்டியது அதே கம்பெனியின் இன்னொரு டிரைவர். வாய் ஓயாமல் பேசுவதால் பிரசங்கி என்று பெயர். ஆலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். விளக்கைச் சிமிட்டிவிட்டு, கையை வெளியே நீட்டி, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போலக் காற்றைத் தட்டினான். மெதுவாகப் போ என்று பொருள்.

அரைக்கண் காலை எடுத்தார். முனகல் கலைந்து பாட்டில்கள் வம்பு பேச ஆரம்பித்தன. கேமராக்களுக்கு நடுவில் மாமனார் நிற்பது புதுசு. இத்தனை நாள் யாரும் நின்றதில்லை. புளியமரத்துக்குக் கீழே முக்காலியில் ஒரு கருவி. அதன் பக்கத்தில் தொப்பி அணிந்த ஒருவர். அரைக்கண் மரியாதையாகக் கடந்து போனார். போய்க் கண்ணாடியில் பார்த்தார். தொப்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், அன்றைய கணக்கு தீர்ந்தது என்று எந்த டிரைவருக்கும் தோன்றும். ஒரு மாமனாரைத் தாண்டியவுடன் இன்னொரு மாமனார் இருப்பார் என்று யாருக்கும் தோன்றாது. மெதுவாக வந்ததில் கொஞ்சம் நேரம் போயிருந்தது. மீதி வாக்கியத்துக்கு இடம் வேண்டும். அவர் மிதித்தார். பாட்டில்கள் முனக ஆரம்பித்தன. அடுத்த வளைவு திரும்பியதும், தண்ணீர் வறண்ட ஒரு கால்வாய்ப் பாலத்தின் கட்டைச் சுவரில் கருவியைச் சாய்த்து வைத்துக்கொண்டு இன்னொருவன் நின்றிருந்தான். கையைக் காட்டினான்.

இறங்கினார். பொத்தானைப் போட்டார்.

சின்ன வயசுப் போலீஸ்காரன். முகம் வெயிலில் தீய்ந்திருந்தது. கருவியின் சிறிய திரையைத் திருப்பிக் காட்டினான். தொண்ணூற்று மூன்று. லாரியின் படம் தெளிவாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முகமும் தெரிந்தது. அதில் அவர் தூங்குவது போல இருந்தார்.

"தூங்கிட்டே தொண்ணூத்தி மூணா?" என்றான்.

"முழிச்சுட்டுத்தான் சார் இருந்தேன். என் கண்ணே அப்படித்தான்."

"என்ன அவசரம் உனக்கு?"

சொல்ல ஆயிரம் பொய் இருந்தது. ஆலையில் கேட் மூடிவிடுவார்கள், பிரேக் பிடிக்கவில்லை, வயிறு சரியில்லை. எதையும் எடுத்துச் சொல்ல அலுப்பாக இருந்தது.

"வீட்டுக்காரி காத்துட்டு இருப்பா சார்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. பேசணும்."

"பேசணும்னா போன்ல பேச வேண்டியதுதானே?"

"வண்டி ஓட்டும்போது போன் பேசினா அதுக்கும் நீங்கதான சார் பிடிப்பீங்க?"

போலீஸ்காரன் ஒரு கணம் முறைத்தான். பிறகு, "எங்க காத்துட்டு இருப்பாங்க?" என்றான்.

"முன்னால பங்க்ல. அங்கதான் அவளுக்கு வேலை."

கருவியின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த அவன் கை நின்றது. "பங்க்லயா? பாத்ரூம் சாவி வெச்சிருப்பாங்களே, அந்த அக்காவா?"

"ஆமா."

"அந்த அக்கா வீட்டுக்காரரா நீங்க?"

நீ, நீங்க ஆனது அவர் காதில் விழுந்தது. ஆனால் அவன் முகம் இளகவில்லை. ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவன் மாதிரி ஆகிவிட்டது.

"அவங்கதான்ணே சொன்னாங்க" என்றான். "பத்து நாளைக்கு முன்னால. தினம் சாவி வாங்கப் போவேன். இந்த ரோட்டுல எங்களுக்கு ஒதுங்கறதுக்கு அது ஒண்ணுதான் இடம். எங்க வீட்டுக்காரர் பாலத்துல இருந்து போன் அடிச்சாருன்னா நான் லேடீஸ் பக்கம் கழுவி முடிக்கறதுக்குள்ள வந்துடுவாரு, காத்து மாதிரி ஓட்டுவாருன்னு பெருமையாச் சொன்னாங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். இடிச்சுது. அப்புறம் வெளியே வந்து பாத்தா வரிசையா லாரி நிக்குது. கேமரா ஒருத்தரையும் பிடிக்கலையேன்னு ஆபீஸ்ல எல்லாரும் மண்டையை உடைச்சுட்டு இருந்தாங்க. நான் போய்ச் சொன்னேன். சரி, அப்ப நீயே போய் நடுவுல நில்லுன்னுட்டாங்க."

"கெட்டிக்காரர்தான் நீங்க."

"வெயில்ல நிக்கறேன்ணே" என்றான் அவன்.

ஒரு கார் கடந்தது. கருவி தானாகவே ஒரு முறை முனகிப் படமெடுத்தது.

"இது மூணாவது சார். மூணு மாசம் போயிடும்."

"படம் எடுத்ததுமே மேல போயிடும். என் கையில இல்ல. சத்தியமா இல்ல." அவன் கருவியைத் தொட்டுக் காட்டினான், அது கேட்டால் தேவலை என்பது போல. "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நான்தான் பிடிச்சேன்னு அக்காகிட்டச் சொல்லாதீங்க. சாவி தர மாட்டாங்க."

அரைக்கண்ணுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கருவி கக்கிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். அதற்கப்புறம் அறுபதிலேயே போனார். பாட்டில்கள் ஊர் வம்பு முழுவதையும் பேசிக்கொண்டு வந்தன.

கரையில் வண்டியை நிறுத்தியபோது நேரம் முன்பே தாண்டிவிட்டிருந்தது. நிறுத்தியிருக்கவே கூடாது. அவள் பின்சுவர்ப் பக்கமிருந்து வேகமாக வந்தாள். அவர் இறங்காமல் ஜன்னல் வழியாகவே பேசினார்.

"டீ ஆறிப் போச்சு. எங்க போயிட்டீங்க?"

"மாட்டிக்கிட்டேன். வேகம்."

"எந்தப் பாவி பிடிச்சான்?"

"யாரோ. தொப்பி போட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

"எதுக்கு வேகமாப் போறீங்க? அதான் கம்பெனி டீக்கு நேரம் குடுக்குதே?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அவன் எங்க குடுத்தான்? நானா எடுத்துக்கறதுதான் அது. பாலத்துல இருந்து பறந்து வந்தாத்தான் இங்க உக்கார முடியும்."

அவள் கையில் டீ கிளாஸ் இருந்தது. அதை அவரிடம் நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"தினமுமா?"

"தினமும்தான்."

"நான் கேட்டேனா உங்களை?" அவள் குரல் உயர்ந்தது. பெட்ரோல் போடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பறந்து வாங்கன்னு நான் கேட்டேனா? காத்து மாதிரி ஓட்டுவாரு என் வீட்டுக்காரர்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறேனே, கூறு கெட்டவ! கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்றதுக்கு ஒரு உசிரைப் பணயம் வைக்கணுமா? பொட்டுனு போயிருந்தா நான் யார்கூட பீரோவுக்குச் சண்டை போடறது?"

"சரி சரி, மெதுவாப் பேசு."

"மெதுவா போறதைப் பத்தி நீங்க சொல்லாதீங்க! நாளையிலேருந்து இங்க நிக்காதீங்க. கேட்டுதா? நேராப் போயிட்டே இருங்க."

"அப்ப எப்பத்தான் பாக்கறது?"

சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. அவர் வண்டியை எடுத்தார். கண்ணாடியில் பார்த்தபோது அவள் ஆறிய டீயை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் சொன்னபடியே செய்தார். அறுபதில் வந்தார், நிற்காமல் போனார். அவள் அந்த நேரத்துக்குச் சாலை ஓரத்துக்கு வந்து நிற்பாள். வாயசைப்பாள். பாட்டில் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கேஸா, மருமகனா, பீரோவா? தலையை ஆட்டிவிட்டுப் போவார். எதற்குத் தலையாட்டினோம் என்று ஆலையின் கேட் வரைக்கும் கவலையாக இருக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது பழைய மிக்ஸியைக் காணவில்லை. "கேட்டதுக்குச் சரின்னுதானே தலையாட்டினீங்க?" என்று மேஜைமேல் துண்டுச் சீட்டு இருந்தது.

கரையும் போய்விட்டது. வண்டி நிறுத்தக்கூடாது என்று பலகை நட்டார்கள். எந்தத் தட்டியும் அதை மறைக்கவில்லை. ஒருநாள் லைசென்ஸ் ரத்தான செய்தி போனில் வந்தது. மூன்று மாதம்.

குடோனில் பிரசங்கி வந்து பக்கத்தில் நின்றான். "நான் ஒருத்தனைத்தான்ணே பாத்தேன். சத்தியமா ஒருத்தன்தான். ரெண்டாவது ஆளு அதுக்கப்புறம்தான் வந்திருக்கணும். ரெண்டு பேர்னா நான் நாலு தரம் சிமிட்டியிருக்க மாட்டேனா?"

"நீ என்னடா பண்ணுவ? விடு."

"இப்ப எல்லாரும் என்ன பண்றாங்க தெரியுமாண்ணே? மெதுவாத்தான் வராங்க. பாட்டில்ல ஒண்ணுக்குப் போறாங்க."

சூப்பர்வைசர் நல்லவர் மாதிரி நடந்துகொண்டார். மூன்று மாதமும் காலையில் கிரேட் ஏற்றுகிற வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். இருபது வருஷத்துக்கு முன்னால் அரைக்கண் செய்த வேலைதான் அது. அவருடைய லாரியை இன்னொருவன் ஓட்டினான். அவர் ஏற்றிய கிரேட்டுகள் அதில் போயின. இடுப்பு இரண்டாக ஒடிந்தது. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் தனியாக, சாத்தாத பீரோவின் எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவள் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டினார்.

"நீங்க எங்க?"

"உன்கூடத்தான்."

"அங்க வந்து என்ன பண்ணுவீங்க? கக்கூஸ் கழுவுவீங்களா?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

லைசென்ஸ் போன கதை வேனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. துக்கவீட்டுக்காரருக்கு இடம் விடுவது மாதிரி முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். அரைக்கண் வழி நெடுக வேன் டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பின்சுவர் நிழலில் இரண்டு நாற்காலி போட்டாள். டீ வந்தது. அலாரம் வைக்கத் தேவை இல்லை. மாலை முழுவதும் இருந்தது.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்த?" என்று கேட்டார்.

"என்னைக்கு?"

"பீரோவைப் பத்தி. அன்னைக்கு நீங்கன்னு ஆரம்பிச்ச. நான் ஓடிட்டேன்."

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். நெற்றியைத் தேய்த்தாள்.

"ஞாபகம் இல்லைங்க."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"என்னவோ கோவத்துல வந்துது. போயிடுச்சு." பிறகு, "முக்கியமானதா இருந்தா மறந்திருக்காதே" என்றாள்.

அவர் தலையாட்டினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பியை வந்து பீரோவை எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"கீல் மாத்தலாம்னீங்க?"

"யாருக்கு முடியுது?"

சண்டை முடிந்துவிட்டது. இருவருக்கும் சற்று ஏமாற்றமாக இருந்தது. கேஸ் வந்துவிட்டது. மருமகனுக்கு முதுகு பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ஒரு கால் மணி நேரத்துக்குள் உலகத்தில் இருந்ததெல்லாம் பேசித் தீர்ந்தது. அவள் எழுந்து ஆண்கள் பக்கம் கழுவப் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிரசங்கியின் லாரி அறுபதில் போயிற்று. அவன் கையை நீட்டி அசைத்தான். அவரும் அசைத்தார். அடுத்த லாரியும் அறுபதில் போயிற்று.

வெயில் சாயும்போது போலீஸ்காரன் வந்தான். சாலையைக் கடந்து, கிட்டத்தட்ட ஓட்டமாக வந்தான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். அரைக்கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நிற்க முடியாமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான்.

"வாங்க தம்பி" என்றாள் அவள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் கை அங்கே போகவில்லை. "என்ன இவ்வளவு வேகம்? பாத்து. இங்க மெதுவாத்தான் நடக்கணும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. பங்க்கில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாமல் அந்த ரோட்டில் என்ன நடக்கும்?

"அக்கா..."

"ஈரத் தரை தம்பி. வழுக்கிடும். அங்கேருந்து இங்க வர இவ்வளவு நேரம் ஆகணும்னு ஒரு கணக்கு இருக்கில்ல? சீக்கிரம் வந்துட்டீங்க. அந்த ஓரமா கொஞ்ச நேரம் நில்லுங்க. நேரம் சரியானதும் சாவி தர்றேன்."

போலீஸ்காரன் அரைக்கண்ணைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பங்க் பையன்கள் பம்ப்பைப் பிடித்தபடி சிரித்தார்கள். அவனுக்கு அவமானத்தைவிட அவசரம் பெரிதாக இருந்தது.

"குடுத்துடு" என்றார் அரைக்கண்.

"நீங்க சும்மா இருங்க. எனக்கு மேல ஒரு ஆபீஸ் இருக்கு தம்பி. என் கையில ஒண்ணும் இல்ல."

"குடுத்துடும்மா. பாவம், வெயில்ல நிக்கறான்."

அவள் சாவியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு ஓடினான். திரும்பி வரும்போது சாவியை அவள் கையில் வைத்துவிட்டு ஒரு நொடி நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. "நாளைக்கு எங்களை வேற ரோட்டுக்கு மாத்தறாங்கண்ணே" என்றான்.

"அங்க பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியலக்கா."

அவன் போன பிறகு அவள் ஆண்கள் பக்கத்தை மறுபடியும் துடைத்தாள். அரைக்கண் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார். காலையில் ஏற்றிய கிரேட்டுகள் எல்லாம் தோளிலேயே இருப்பது போலிருந்தது. அவள் துடைப்பானோடு அவர் பக்கம் வந்தாள்.

"காலைத் தூக்குங்க."

தூக்கினார். அவள் துடைத்தாள். காலை இறக்கும்போதே தூங்கிவிட்டார்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பம்ப்புகளின் மேலே விளக்கு எரிந்தது. யாரும் சாவி கேட்டு வரவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள். காலையில் பக்கத்து வீட்டுக்காரி வந்ததை, அவளுடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனதை, போனவள் குழந்தையின் பால் பாட்டிலை மறந்துவிட்டுப் போனதை, அதை எடுத்துக்கொண்டு மாமியாரே பஸ் ஏறிப் பின்னால் போனதை, ஒவ்வொன்றாக, எதையும் விடாமல் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் முடிகிற வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.